பெர்மிட் சீட்டும் டிப்ளமா சீட்டும்

பேச்சிப்பாறை, கோதையாறு, மணலோடை பக்கத்து ரப்பர் தோட்ட வாலிபர்களிடையே ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. முதலில் எப்படியாவது பெர்மிட்டில் சிங்கப்பூர் போய்ச் சேர வேண்டும். அங்கே ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்து ஒரு டிப்ளமா வாங்கிவிட வேண்டும். டிப்ளமா வந்துவிட்டால் பெர்மிட்டை எஸ் பாஸாக மாற்றிக்கொள்ளலாம். எஸ் பாஸ் வந்துவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கேயே குடியிருந்துவிடலாம். ஏஜெண்டுகள் இதைக் கூசாமல் சொல்கிறார்கள். வாட்ஸப்பில் இதற்கென்றே விளம்பரங்கள் வருகின்றன. பால்வெட்டும் தகப்பன், மழைக்காலத்தில் வெட்டு நின்று கூலி நின்று கையைப் பிசைந்து நிற்கும்போது, மகன் இந்தக் கணக்கைச் சொன்னால் நகையை அடகு வைக்காமல் என்ன செய்வான்?

இதைப் பற்றித் தொழிலாளர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. "போகிறவன் சம்பாதிக்கப் போகிறானா, படிக்கப் போகிறானா? கடனை அடைக்கிற வழியைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்பது ஒன்று. "படித்து மேலே போகிறவன் நம்மை விட்டுப் போகிறவன்தானே, அவனைப் பற்றி நமக்கென்ன கவலை" என்பது மற்றொன்று. இரண்டாவது அபிப்பிராயத்தைச் சில பழைய சங்கத் தோழர்களே சொல்லக் கேட்கிறோம். இரண்டையும் நாம் ஏற்கவில்லை. பகல் முழுவதும் சாரத்தில் நின்று கம்பி கட்டியவன், விடுதிக்கு வந்து குளித்துச் சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறான் என்றால் அது லேசான காரியமல்ல. அந்த வைராக்கியத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அந்த வைராக்கியத்தை விற்றுக் காசாக்க ஒரு கூட்டம் கடை விரித்திருக்கிறதே, அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டு என்பதைத்தான் நம் ஆட்கள் பெர்மிட் என்கிறார்கள். பொதுவாக இரண்டு வருஷத்துக்கு மேற்படாத சீட்டு. ஒரு முதலாளிக்கு, ஒரு தொழிலுக்கு என்று கட்டிப் போட்ட சீட்டு. இந்தச் சீட்டில் இருப்பவர் முழுநேர மாணவராக முடியாது. வேலை முடிந்த நேரத்திலும் ஓய்வு நாளிலும் படிக்கத் தடையில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு சட்ட விரோதம் என்று பயமுறுத்துகிறவர்கள் பொய் சொல்கிறார்கள். அந்த வகுப்பு முடிந்தால் எஸ் பாஸ் நிச்சயம் என்கிறவர்கள் அதைவிடப் பெரிய பொய் சொல்கிறார்கள்.

ஏன்? எஸ் பாஸுக்கு விண்ணப்பம் போடுகிறவர் தொழிலாளி அல்ல, முதலாளி. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அந்த விண்ணப்பத்தில் முதலில் பார்ப்பது மாதச் சம்பளத்தை. 2025 செப்டம்பர் முதல் புது விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சம் 3,300 வெள்ளி நிரந்தரச் சம்பளம் இருக்க வேண்டும். வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். நம் வாலிபர் எந்தச் சம்பளத்தில் நிற்கிறார்? நாளுக்கு 18 வெள்ளி, 20 வெள்ளி அடிப்படைக் கூலிக்குப் போனவர்கள் ஏராளம். 20 வெள்ளி என்றே வைத்துக்கொண்டு 26 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், 520 வெள்ளி. ஓவர்டைம் செய்தால் கூடக் கொஞ்சம் கிடைக்கும். 520க்கும் 3,300க்கும் நடுவே ஆறு மடங்குப் பள்ளம் இருக்கிறது. ஒரு டிப்ளமாக் காகிதத்தைப் போட்டு இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடலாம் என்று எந்த முதலாளி ஒப்புக்கொள்வார்? கட்டிட வேலை, கப்பல் பட்டறை, ஆலை போன்ற தொழில்களில் ஒரு கம்பெனியின் மொத்த ஆட்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் எஸ் பாஸ் கொடுக்கலாம் என்ற வரம்பும் இருக்கிறது. நூறு பேர் படித்துத் தேறினாலும் நாற்காலி பதினைந்துதான். அதிலும் முன்பே உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

குடும்பத்தை அழைத்துப் போகலாம் என்ற கதையும் அப்படித்தான். மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால்தான் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கேட்க முடியும். 3,300 வெள்ளிக்காரருக்கு அந்த வாசல் திறக்காது. நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பிக்க எஸ் பாஸ்காரருக்கு வழியுண்டு. கொடுப்பதும் கொடுக்காததும் அந்தச் சர்க்காரின் இஷ்டம். பெர்மிட்காரருக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. சிங்கப்பூர்ப் பிரஜையையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்துகொள்வதற்குக்கூட மனிதவள அமைச்சிடம் அனுமதி வாங்க வேண்டிய நிலையில்தான் பெர்மிட்காரர் இருக்கிறார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தோட்டத்தில்கூட, கூலியின் கல்யாணத்துக்கு மந்திரி இலாகாவின் முத்திரை தேவைப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை!

அப்படியானால் படிப்பால் பயனே இல்லையா? இருக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி. கட்டிடத் தொழிலில் பெர்மிட்காரர்களை இரண்டு தரமாகப் பிரிக்கிறார்கள். சாதாரணத் தேர்ச்சி பெற்றவருக்காக முதலாளி சர்க்காருக்கு மாதம் 900 வெள்ளி லெவி கட்ட வேண்டும். உயர் தேர்ச்சி பெற்றவருக்கு 500 வெள்ளி போதும். 2024 ஜனவரி முதல் இதுதான் விகிதம். நம் வாலிபர் தூக்கத்தைக் கெடுத்துப் பரீட்சை எழுதித் தேறி உயர் தேர்ச்சிப் பட்டியலுக்குப் போனால், அவர் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். வருஷத்துக்கு 4,800 வெள்ளி. அவர் கூலியில் எவ்வளவு ஏறியது? நாளுக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி ஏறினால் பெரிய காரியம் என்று அங்கிருந்து வந்தவர்கள் நம்மிடம் சொல்கிறார்கள். படித்தவன் ஒருவன், பலனை அறுத்தவன் இன்னொருவன். குத்தகை வயலில் உழுதவன் கணக்கும் இதுதானே!

அதனால்தான் சொல்கிறோம்: டிப்ளமாவுக்காகக் கடன் வாங்காதீர்கள். தொழில் தேர்ச்சிப் பரீட்சை எழுதுங்கள், ஆங்கிலம் படியுங்கள், கணக்குப் படியுங்கள். ஆனால் பரீட்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் முதலாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் தேறினால் லெவியில் மிச்சமாகிற 400இல் எனக்கு எவ்வளவு?" ஒருவர் தனியாகக் கேட்டால் ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒரு விடுதியில் உள்ள முப்பது பேர் சேர்ந்து கேட்டால் விஷயம் வேறு.

இன்னொரு மோசடியையும் எச்சரிக்க வேண்டும். ஏஜெண்டு சொல்வான்: "எஸ் பாஸ் வாங்கித் தருகிறேன். காகிதத்தில் 3,300 என்று போடுவோம். பாங்கில் பணம் விழும். பாதியை ரொக்கமாக எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடு." இது சாமர்த்தியம் என்று நம் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் சம்பளத்தைப் பொய்யாக எழுதியதற்கு உடந்தையாக இருந்தால் தொழிலாளியும் மாட்டுவார். பிடிபட்டால் முதலாளி வக்கீல் வைத்துக்கொள்வார். நம் பிள்ளை விமானம் ஏற வேண்டியதுதான், திரும்ப அந்த மண்ணை மிதிக்க முடியாது.

படித்த உத்தியோகஸ்தர்கள் இதிலிருந்து தப்பிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் தற்காலிக வேலை விசாவில் இருக்கும் எஞ்சினீயர்கள் வேலையை விடாமல் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். ஆனால் நிரந்தரவாச அட்டையில் ஒரு நாட்டாருக்கு வருஷத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற சட்டத்தால் இந்தியர்களின் வரிசை பல்லாண்டுகளாக நீண்டு கிடக்கிறது. போதாக்குறைக்கு 2025 செப்டம்பரில் புது விசா மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அந்த ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் அறிவித்தார். மேசை உத்தியோகமானாலும் சாரத்து வேலையானாலும், முதலாளியின் பெயரில் இருக்கும் சீட்டு முதலாளியின் சீட்டுத்தான்.

இந்தச் சீட்டுக் கதை பேச்சிப்பாறைக்குப் புதிதா? சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக் கூன் விழுந்த பெரியவர்களைக் கேளுங்கள். 1961இல் வனத்துறை தொடங்கி, 1984இல் அரசு ரப்பர் கழகமாக ஆன இந்தத் தோட்டங்களுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் எத்தனை! அவர்களும் சீட்டால் அலைக்கழிக்கப்பட்டவர்கள்தான். 1948இல் இலங்கைச் சர்க்கார் பிரஜா உரிமைச் சட்டம் கொண்டுவந்து மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளிகளை நாடற்றவர்களாக்கியது. அதே வருஷம் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் இயற்றப்பட்டது. அது அமலுக்கு வந்ததும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்குத் தற்காலிக வசிப்பு அனுமதி என்ற சீட்டு வந்தது. பிழைக்கப் போன மண்ணில், ரத்தம் சிந்திக் காடு வெட்டிய மண்ணில், "தற்காலிகம்"!

பிரஜா உரிமை வேண்டுமானால் மனுப் போடு என்று 1949இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம், 1946 ஜனவரிக்கு முன்னால் தொடர்ச்சியாக அங்கே வசித்ததாகத் தஸ்தாவேஜு காட்ட வேண்டும். நடுவில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போயிருந்தால் கணக்கு அறுந்துபோகும். கொழுந்து பறிக்கிறவளிடம் ஏது தஸ்தாவேஜு? பிறப்பைப் பதிந்தது யார், கூலிச் சீட்டைப் பத்திரப்படுத்தியது யார்? எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுப் போடப்பட்டது. உரிமை கிடைத்தது ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேருக்கு. அதன் பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 9,75,000 ஜனங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மூட்டை முடிச்சுடன் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் இந்த மலையடிவாரத்துக்கு வந்தார்கள். பாட்டன் கையில் தற்காலிகச் சீட்டு இருந்தது. பேரன் இன்று வேறொரு தற்காலிகச் சீட்டுக்காக வட்டிக் கடைக்குப் போகிறான்.

மலேயாவிலும் இதே கதை. சுதந்திரத்துக்குப் பிறகு பிரஜா உரிமைப் பாரத்தைப் பூர்த்தி செய்யத் தெரியாமல், செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல், எத்தனையோ தோட்டத் தமிழர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். 1969இல் பிரஜை அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று இறுக்கியபோது, பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டு ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். படிப்பு வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான். டிப்ளமாச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்காக அல்ல. தன் தலையெழுத்தை எழுதிய காகிதத்தைத் தானே வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக.

வெளிநாட்டைக் குறை சொல்லும்போது நம் வீட்டு முற்றத்தையும் பார்க்க வேண்டும். நம் ஜில்லாவிலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து, இங்கே பள்ளி கல்லூரி படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் உண்டு. பட்டம் இருக்கிறது, பிரஜா உரிமை இல்லை. ஆகவே சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போட முடியாது. அவர்களில் ஒரு பகுதியினர் நம் ரப்பர் தோட்டத்துப் பெரியவர்களின் ஒன்றுவிட்ட சகோதரர் மக்கள்தான். ஒரே லயத்தில் பிறந்த இரண்டு பேரில் ஒப்பந்தப்படி 1970களில் வந்தவர் பிரஜை, 1983 கலவரத்துக்குப் பிறகு தோணியில் வந்தவர் அகதி! மதுரை ஐகோர்ட்டுக் கிளை 2019 ஜூனில் இந்திய வம்சாவழி முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய பிரஜா உரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த பிரஜா உரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2022இல் அதே ஐகோர்ட்டுக் கிளை, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை என்பது சட்டம். இது அந்தப் பெண்மணிக்கு முப்பத்தாறு வயதில்தான் கைக்கு வந்தது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களைப் புதுக் குடிவரவுச் சட்டத்தின் தண்டனையிலிருந்து விலக்கினார்கள். தண்டிக்க மாட்டோம் என்று சொன்னார்களே தவிர, நீ எங்கள் பிரஜை என்று சொல்லவில்லை.

பத்தாவது வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேஷியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். அங்கே ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பத்தாவது தேறியவருக்கு இது வேண்டாம். அவர் தன்னைத் தானே காத்துக்கொள்வாராம்! நாமும் பத்தாவது தேறியவர்கள்தான். ஏஜெண்டு நீட்டும் ஆங்கில ஒப்பந்தத்தின் ஷரத்துகளை வாசித்து முடிப்பதற்குள் நமக்கே கண் பூத்துவிடுகிறது. பத்தாவது தேறுங்கள், தவறியவர்கள் தனித்தேர்வராக எழுதித் தேறுங்கள். ஆனால் அந்த மார்க்ஷீட்டோடு பாதுகாப்பும் கழன்றுபோகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தேறுங்கள். சிங்கப்பூரோ அந்த 18 நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. தேறியவரானாலும் தேறாதவரானாலும், ஒப்பந்தத்தைப் பார்க்க இங்கே ஒரு குமாஸ்தாகூடக் கிடையாது.

வளைகுடாவில் கொஞ்சம் அசைவு உண்டு. கத்தாரில் 2020 முதலும், சவூதியில் 2021 மார்ச் முதலும், முதலாளியின் சம்மதமில்லாமல் வேறு வேலைக்கு மாற வழி செய்திருக்கிறார்கள். சவூதியில் ஒரு வருஷம் வேலை செய்திருக்க வேண்டும், வீட்டு வேலைக்காரர்களுக்கு அது கிடையாது. சிங்கப்பூரிலும் பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை ஒரு சிறு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த நாட்களில் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளி மனுப் போடலாம். இதைத் தெரியாமல் பழைய முதலாளியின் காலில் விழுந்தவர்கள் உண்டு. சாதாரணத் தேர்ச்சிக்காரருக்கு 14 வருஷம், உயர் தேர்ச்சிக்காரருக்கு 26 வருஷம் என்றிருந்த உச்சவரம்பை 2025 ஜூலை முதல் எடுத்துவிட்டார்கள். 63 வயது வரை வேலை செய்யலாம். ஆயுள் முழுவதும் உழைக்கலாம், ஆனால் கடைசி நாள் வரை தற்காலிகம் என்பதுதான் இதன் பொருள்.

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமல்ல. நம் நாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். சிங்கப்பூர்ச் சட்டப்படி, அங்குள்ள ஏஜெண்டு வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். நம் ஊரில் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்களே, அது எந்தச் சட்டப்படி? போலீசுக்கு இது தெரியாதா? ரசீது இல்லாமல் வாங்கும் ஏஜெண்டின் மேல் வழக்குப் போட வேண்டும். சிங்கப்பூர்ப் பயணத்துக்கும் ஒப்பந்தப் பரிசோதனை வேண்டும். இங்கே ஐ.டி.ஐ. படித்த சான்றிதழைக் கூலி நிர்ணயத்தில் மதிக்கும்படி மத்திய சர்க்கார் அந்தச் சர்க்காருடன் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றாலும் அடுப்பு நிற்காத அளவுக்கு இங்கே கூலி வேண்டும். அது இருந்தால், போகிறவன் கழுத்தில் கடனோடு போக மாட்டான். பேரம் பேசிவிட்டுப் போவான்.

சங்கக் கிளைகள் இப்போதே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சிங்கப்பூரிலிருந்து முன் அனுமதிக் கடிதம் வர வேண்டும். நம் ஆட்கள் ஐ.பி. என்பது அதைத்தான். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். தொழிலாளியின் தாய்மொழியிலும் அது கிடைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. எழுத்து மூலமான சம்மதமில்லாமல் அதில் கண்ட சம்பளத்தை அங்கே குறைக்கக் கூடாது. லெவியைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. அந்தக் கடிதத்தை வாங்கி, நாலு பேர் மத்தியில் சத்தமாக வாசித்து, ஒரு நகலைச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே போனபின் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதே என்று சொல்லி அனுப்ப வேண்டும். சம்பள பாக்கிக்கு மனுப் போடக் காலக்கெடு உண்டு. வேலையில் இருக்கும்போது ஒரு வருஷம், வேலை போய்விட்டால் ஆறு மாதம். அங்குள்ள வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும் அந்த நகலின் பின்புறத்திலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.